குளவிக்கொட்டும் ஆறு மாத இடமாற்றமும்

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி நம் தமிழ்ப் பத்திரிகைகளில் வராத மாதம் அரிது. ஐந்து பேர், பத்துப் பேர் என்று தோட்டத்து லொறியிலோ முச்சக்கரவண்டியிலோ ஒன்றாக வந்து இறங்குவார்கள். முகம் வீங்கிக் கண் மூடியிருக்கும். சிலர் மூச்சுக்குத் திணறுவார்கள். ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் தாமதியாமல் தொடைத் தசையில் அட்ரினலின் ஏற்ற வேண்டும் என்பது உள்ளகப் பயிற்சியில் இருக்கும் வைத்தியருக்கும் தெரியும். ஆனால் ஏராளமான கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் விஷம் தசைகளையும் செங்குருதிக் கலங்களையும் சிதைத்துவிடும். அந்தச் சிதைவு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். அது சில வேளைகளில் ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். அப்படியானால், உடம்பெங்கும் கொட்டு வாங்கிய ஐம்பது வயதுப் பெண்ணை எத்தனை மணி நேரம் வார்ட்டில் வைத்திருக்க வேண்டும், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையை எப்போது திரும்பச் செய்ய வேண்டும், வீட்டுக்கு அனுப்பியவர்களில் யாரைக் கட்டாயம் மீண்டும் அழைக்க வேண்டும்? நான் வேலை செய்த வார்ட்டுகளில் இந்தக் கேள்விகளுக்கு அனுபவத்தைக் கொண்டு பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். கணக்கைக் கொண்டு பதில் சொல்லக்கூடியவர் எவரும் இருக்கவில்லை.

பட்டப்பின் பயிற்சியில் இருக்கும் வைத்தியர்கள் ஏன் மருத்துவ ஆய்வில் இறங்குவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆர்வமில்லை என்பார் ஒரு மூத்தவர். புள்ளிவிபரம் தெரியாது என்பார் இன்னொருவர். பரீட்சையும் வெளிநாடும்தான் இந்தத் தலைமுறையின் குறி என்பார் மூன்றாமவர். நேரமின்மை, வழிகாட்டி இன்மை, பணமின்மை, முறையியல் பயிற்சி இன்மை என்று எந்த நாட்டில் கேட்டாலும் வைத்தியர்கள் ஏறத்தாழ இதே காரணங்களைத்தான் அடுக்குகிறார்கள். அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் மலையகத்து வைத்தியசாலைகளில் இருந்து பார்க்கும்போது இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று கிடக்கிறது: இங்கே ஓர் ஆய்வு எப்போதும் ஒரு தனி வைத்தியருக்குச் சொந்தமாக இருக்கிறது, அந்த வைத்தியரோ எந்த இடத்திலும் நிலைத்திருப்பதில்லை.

நண்பர் ஒருவர் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராவதற்குப் பயிலும் வைத்தியராக, மலையக வைத்தியசாலை ஒன்றுக்கு வந்தபோது, நான் மேலே சொன்ன குளவிக் கேள்வியையே தன் ஆய்வுக்கு எடுத்தார். வந்து சில வாரங்களிலேயே எண்ணம் தோன்றிவிட்டது. புரொப்போசல் எழுதினார். நெறிமுறை மீளாய்வுக் குழுவுக்கு அனுப்புவதற்கு, நோயாளருக்கான தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வேண்டும். தரவு சேகரிக்கும் படிவம் வேண்டும். மேற்பார்வையாளரின் தகைமைக் குறிப்பு, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம் என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். அவற்றை அவர் இரவுக் கடமைக்கும் காலை வார்ட் ரவுண்டுக்கும் இடையில் தயாரித்தார். குழு கூடியது, விளக்கம் கேட்டது. அவர் பதில் எழுதினார். அடுத்த கூட்டம் வரை காத்திருந்தார். குழுவின் கேள்விகள் நியாயமானவை என்பதையும் சொல்ல வேண்டும்: மூச்சுத் திணறும் ஒருவரிடம் சம்மதம் எப்படிப் பெறுவீர்கள் என்று கேட்பதற்காகத்தான் அப்படியொரு குழு இருக்கிறது. அனுமதி கிடைத்த வேளையில் அவருடைய அடுத்த இடமாற்றக் கடிதமும் வந்திருந்தது. அவருக்குப் பின் வந்த ரெஜிஸ்ட்ராருக்கு வேறு தலைப்பு இருந்தது, அதைவிட முக்கியமாகப் பரீட்சை இருந்தது. அச்சடித்த படிவங்கள் வார்ட் அலுமாரியில் கொஞ்ச காலம் கிடந்தன. இதில் எவரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது.

வெளியில் உள்ளவர்களுக்காகப் பயிற்சியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் விசேட வைத்திய நிபுணராக விரும்பும் எவரும் 1980இல் நிறுவப்பட்ட, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தின் ஊடாகவே போக வேண்டும்; எல்லோரும் அதை பி.ஜி.ஐ.எம். என்றே அழைப்போம். தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ராராகச் சில வருடங்கள், எம்.டி. இறுதிப் பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் நிபுணராக அங்கீகரிக்கும் சபைச் சான்றிதழ் என்று துறைக்குத் துறை சிறு வேறுபாடுகளுடன் அந்தப் பாதை நீளும். இடையிடையே பிரிவு மாற்றமும் வைத்தியசாலை மாற்றமும் வரும். பயிற்சிக்கு இந்தச் சுழற்சி தேவை. கண்டி தேசிய வைத்தியசாலையில் பார்க்கும் நோயும் நுவரெலியாவிலோ பதுளையிலோ பார்க்கும் நோயும் ஒன்றல்ல, கற்பவர் இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு நோயாளரைச் சேர்த்து மூன்று மாதமோ ஒரு வருடமோ பின்தொடர்ந்து முடிவைப் பதிவதற்கு ஓரிடத்தில் இருக்கும் ஆள் வேண்டும். பயிற்சியின் கால அளவும் ஆய்வின் கால அளவும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போவதில்லை.

இந்த நெருக்கடியிலிருந்து பயிற்சி வைத்தியர்கள் கண்டுபிடித்த தப்பும் வழி, ஒரே மூச்சில் முடிந்துவிடும் ஆய்வு. பல துறைகளில் சபைச் சான்றிதழுக்கு முன் ஓர் ஆய்வேனும் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை நிறைவேற்ற மிகச் சுலபமான வழி, ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து, தாதியரிடமோ மருத்துவ மாணவரிடமோ கிளினிக் வரிசையில் நிற்பவர்களிடமோ கொடுத்து, இந்த நோய் பற்றிய அறிவும் மனப்பாங்கும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு, விழுக்காடுகளை அட்டவணையாகப் போட்டு ஒரு மாநாட்டில் வாசிப்பதாகும். அப்படிப்பட்டவற்றில் நல்லவையும் உண்டு. பெரும்பாலானவை வாசித்த மேடையிலேயே முடிந்துவிடுகின்றன. என் கருத்தில், கட்டாயத்தை இறுக்குவதால் மட்டும் இந்த வகை ஆய்வுகள்தான் பெருகும். நோயாளர் எப்படிக் குணமடைகிறார் என்பதைத் தொட்டுப் பார்க்கும் ஆய்வு பெருகாது.

இனி, மலையகத்துக்கே உரிய சிக்கல்களுக்கு வருகிறேன். கொழும்பில் இருந்து எழுதப்படும் அறிவுரைகளில் இவற்றுக்கு இடமிருப்பதில்லை.

முதலாவது, நம் தரவு வீட்டுக்குப் போய்விடுகிறது. வார்ட்டில் தங்கியவரின் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய பெட் ஹெட் டிக்கட் வைத்தியசாலையின் ஆவண அறையில் இருக்கும். கிளினிக்குக்கு வருபவரின் வரலாறோ அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியில் மட்டுமே இருக்கும். சில இடங்களில் கணினிப் பதிவு வந்துவிட்டது, ஆனாலும் பழைய கொப்பியின் ஆட்சி இன்னும் முடியவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முதியவர் மேசையில் தன் சொப்பிங் பேக்கைக் கவிழ்க்கும்போது என்னென்ன விழுகின்றன என்று பாருங்கள்: உறை கிழிந்து நூலால் தைத்த கொப்பி, மழையில் நனைந்து எழுத்துக் கலங்கிய இரண்டு பக்கம், குண்டூசி துருப்பிடித்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், தனியார் ஆய்வுகூடமொன்றின் மங்கிப்போன ஈ.சீ.ஜி. தாள், பாதி தீர்ந்த மெட்போர்மின் அட்டை. அந்த மனிதருடைய பத்து வருட நீரிழிவு வரலாறு முழுவதும் அந்த மேசையில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. பின்னோக்கிய ஆய்வு செய்ய விரும்பும் ரெஜிஸ்ட்ரார் ஆவண அறைக்குப் போனால் கிடைப்பது வார்ட்டில் கழித்த சில நாள்களின் கதை மட்டும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை பேக்கோடு பஸ் ஏறிவிட்டன.

இரண்டாவது, நோயாளரின் நாளுக்கு ஒரு விலை இருக்கிறது. மலையில் ஒரு நாள் வேலைக்குப் போனால்தான் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்; இடையில் திரும்பினால் அரைப்பேர், வராவிட்டால் ஒன்றுமில்லை. கிளினிக் நாளன்று ஏற்கனவே ஒரு பேரை இழந்துவிட்டு வந்திருக்கும் பெண்ணிடம், ஆய்வுக்காக இன்னொரு நாள் இரத்தம் எடுக்க வாருங்கள் என்று கேட்பது இலகுவான விடயமன்று. பஸ் காசு தருகிறோம் என்று புரொப்போசலில் எழுதலாம்; பயிற்சி வைத்தியரின் ஆய்வுக்கு அந்தப் பஸ் காசைத் தரக்கூடியவர் பெரும்பாலும் அந்தப் பயிற்சி வைத்தியரே. பின்தொடர்வில் ஆள் குறைந்துபோனதற்கு நோயாளரின் அக்கறையின்மை காரணம் என்று கட்டுரைகளில் எழுதப்படுவதைப் பார்க்கும்போது, எழுதியவர் ஒருமுறை தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியும் செக்ரோல் பிரட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நினைப்பேன்.

மூன்றாவது சம்மதம். ஒருமுறை சிறுநீரக நோய் பற்றிய ஓர் ஆய்வுக்காக ஒரு தாயாரிடம் தகவல் தாளை வாசித்துக்காட்டிவிட்டு, விருப்பமென்றால் இதில் ஒப்பமிடலாம் என்றேன். அவர் பேனாவை வாங்கவில்லை. "கையெழுத்துப் போட்டா சம்பளத்துல ஏதும் புடிப்பாங்களாங்கையா?" என்று கேட்டார். கேள்வி முற்றிலும் அறிவார்ந்தது. தொழிற்சங்கத்தில் சேரும் படிவத்தில் ஒப்பமிட்டால் மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிபடும். கடனுக்கு ஒப்பமிட்டாலும் பிடிபடும். அவருடைய வாழ்க்கையில் ஒப்பம் என்பது பிடிப்பின் தொடக்கம். தங்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் இந்தச் சமூகம் பல தசாப்தங்களாக விண்ணப்பங்களிலும் சான்றிதழ்களிலும் அலைந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அச்சடித்த தாளை நீட்டும் வெள்ளைக் கோட்டுக்காரரை எச்சரிக்கையோடு பார்ப்பதில் வியப்பில்லை. அந்தத் தாயாரிடம் அரை மணி நேரம் பேசிய பின் அவர் மகளோடு கலந்து சொல்கிறேன் என்றார். அடுத்த கிளினிக்கில் ஒப்பமிட்டார். அந்த அரை மணி நேரத்தை எந்தக் கடமைப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

இதே இடத்தில் மொழியும் வருகிறது. மலையக வைத்தியசாலைகளில் பயிற்சி பெறுபவர்களில் பலர் சிங்களம் பேசுபவர்கள். அவர்களில் தமிழ் கற்று நன்றாகப் பேசுபவர்களை நான் அறிவேன். மற்றவர்கள் சம்மதம் பெற வேண்டிவரும்போது சிற்றூழியரையோ பக்கத்துக் கட்டில்காரரின் உறவினரையோ மொழிபெயர்க்க அழைக்கிறார்கள். ஆய்வு நெறிமுறையின் அடிப்படை ஆவணமாகிய 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை எழுதியவர்கள் அதைக் கண்டால் நிம்மதியாக உறங்கமாட்டார்கள். தமிழ் பேசும் ரெஜிஸ்ட்ரார் ஒருவர் வார்ட்டில் இருந்தாலோ, எல்லோருடைய ஆய்வுக்கும் அவரே மொழிபெயர்ப்பாளர். அவருடைய ஆய்வு கடைசி. போதாக்குறைக்கு, படிவங்களின் தமிழ் பெரும்பாலும் வர்த்தமானி அறிவித்தலைப் போல இருக்கிறது; அதை வாசித்து விளங்குவதற்கு நோயாளருக்கு ஒரு பட்டம் வேண்டும்.

பணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த வருடமே 360 ரூபாயை எட்டியது. கட்டுரையை வெளியிடக் கட்டணம் கேட்கும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளின் கதவு அத்துடன் பலருக்கு மூடிக்கொண்டது. நாட்டைவிட்டு வைத்தியர்கள் போனதால் எஞ்சியவர்களின் கடமை நேரம் கூடியது. மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு உண்டு, ஆய்வு நேரத்துக்குப் பெயர்கூட இல்லை. குடும்பமுள்ள ஒரு ரெஜிஸ்ட்ரார் எதைத் தெரிவார் என்று கேட்கத் தேவையில்லை.

இவ்வளவும் இருந்தும், இந்த நாட்டின் சாதாரண அரச வைத்தியசாலைகளில் உலகத் தரத்தில் ஆய்வு நடந்திருக்கிறது. விஷம் அருந்தி வருபவர்களுக்கு விஷத்தை உறிஞ்சும் ஊக்கப்படுத்திய கரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் உயிர் பிழைப்பது கூடுகிறதா என்று பார்த்த சோதனை 4,632 நோயாளரைச் சேர்த்து 2008இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. அதில் பயன் காணப்படவில்லை என்ற முடிவு உலகம் முழுவதற்கும் பாடமானது. அந்த நோயாளர்கள் சேர்க்கப்பட்டது அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் வார்ட்டுகளில். உயர் இரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையில் தருவது பற்றிய டிரையம்ஃப் சோதனை இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைக் கொண்டு நடந்து 2018இல் ஜாமா மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. நம் நோயாளர் ஒத்துழைக்கமாட்டார்கள், நம் வார்ட்டுகளில் ஒழுங்காகப் பின்தொடர முடியாது என்பவர்களுக்கு இவை போதிய பதில். கரி ஆய்வில் அந்தந்த வார்ட்டிலேயே தங்கிப் பார்க்க ஆய்வுக்கென்றே வைத்தியர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இடமாற்றம் வந்தால் நின்றுபோகும் ஏற்பாடாக அது இருக்கவில்லை. அதற்கு வெளிநாட்டு நிதி இருந்தது, நமக்கு இல்லை என்பது உண்மைதான்.

நிதி இல்லாமலும் இடமாற்றத்தை வெல்ல முடியுமா? பிரித்தானியாவின் பயிற்சி வைத்தியர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்களும் ஊர் ஊராகச் சுழல்பவர்கள்தான். ஆகவே ஒரு ஆள் ஒரு ஆய்வு என்பதை விட்டுவிட்டு, ஒரு பிராந்தியத்தின் சத்திரசிகிச்சைப் பயிலுநர் எல்லோரும் ஒரு குழுவாகி ஒரே ஆய்வைப் பங்குபோட்டார்கள். ஒருவர் மாறிப்போனால் அதே வைத்தியசாலைக்கு வருபவரும் குழுவின் உறுப்பினர். போனவர் புதிய இடத்திலும் அதே ஆய்வுக்கு நோயாளரைச் சேர்ப்பார். வயிற்றுச் சத்திரசிகிச்சையில் காயத்தின் விளிம்பைப் பாதுகாக்கும் சாதனம் தொற்றைக் குறைக்கிறதா என்று பார்த்த ரொசினி சோதனை இவ்வாறு 21 வைத்தியசாலைகளில் 760 நோயாளரைச் சேர்த்து 2013இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. சாதனம் பயன் தரவில்லை என்பதே முடிவு. ஆனால் சுழற்சி அங்கே இடைஞ்சலாக இல்லாமல் ஆய்வைப் பரப்பும் வழியாகிவிட்டது. அதற்குப் பின் அந்நாட்டுத் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம், பயிற்சி வைத்தியர் ஆறு மாதம் ஓர் ஆய்வில் இணை முதன்மை ஆய்வாளராகப் பணியாற்றி அதற்குச் சான்றிதழ் பெறும் திட்டத்தையும் கொண்டுவந்தது. ஆறு மாதம் என்ற அளவைக் கவனியுங்கள். அது நம் சுழற்சிக்கும் பொருந்துகிறது.

கண்டி, பேராதனை, நாவலப்பிட்டி, டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று ஒரு சங்கிலியை மனதில் வைத்துப் பாருங்கள். இங்கே வருபவர்களைக் கொண்டு மட்டுமே பதில் தேடக்கூடிய கேள்விகள் பல உண்டு. குளவி ஒன்று. தேயிலைச் செடியடியில் சருகோடு சருகாகக் கிடக்கும், மூக்கு நிமிர்ந்த ஹிப்னேல் வகை விரியன் இன்னொன்று. நாம் பயன்படுத்தும் இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து அதற்குப் பயன்படாது, கடிபட்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துத் தாய்மாரின் இரத்தச்சோகை என்று பட்டியல் நீளும். வேறு நாட்டவர் வந்து நமக்காக இவற்றை ஆராயப்போவதில்லை. இந்தக் கேள்விகளுள் ஒன்றையாவது இந்த வைத்தியசாலைகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக எடுத்து, ரெஜிஸ்ட்ரார் எங்கே போனாலும் அதே படிவத்தை நிரப்பலாம் என்று வைத்துக்கொண்டால், பெரிய நிதி இல்லாமலேயே அவதானிப்பு ஆய்வு ஒன்று நடக்கும். மருந்துச் சோதனைக்கு வேறு படிகள் உண்டு: 2006இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். அதுவரை போக நமக்கு அவசரமில்லை.

பி.ஜி.ஐ.எம். செய்யக்கூடியது, இப்படிப்பட்ட கூட்டு ஆய்வில் ஆறு மாதம் ஒழுங்காகப் பங்களித்ததையும் தனி ஆய்வுக்கு ஈடாக ஏற்பது. முதல் ஆசிரியர் பெயர் யாருக்கு என்ற வழக்கமான சண்டை இங்கேயும் வரும். குழுவின் பெயரில் வெளியிட்டுப் பங்களித்தவர்களைப் பட்டியலிடுவது உலகெங்கும் பழகிவிட்ட முறை, நம் பேராசிரியர்கள் அதற்குப் பழகச் சிறிது காலம் பிடிக்கும்.

எங்கள் வார்ட்டில் இப்போது குளவிக்கொட்டுக்கென்று ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருக்கிறது. கொட்டிய நேரம், வந்து சேர்ந்த நேரம், அண்ணளவாகக் கொட்டுகளின் எண்ணிக்கை, அட்ரினலின் கொடுத்த நேரம், சிறுநீரின் நிறம், முதல் நாளும் மூன்றாம் நாளும் கிரியேட்டினின் என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறோம். பெயரும் தொலைபேசி இலக்கமும் வேறொரு கொப்பியில், சிஸ்டரின் பூட்டிய இழுப்பறையில். கோடு போட்டுக் கொடுத்தவரும் சிஸ்டர்தான். இருபது வருடமாக அதே வார்ட்டில் இருப்பவர் அவர் ஒருவரே, ஆகவே கொப்பி அவருடைய பொறுப்பில் இருப்பது சரி. மூன்றாம் நாள் என்ற நிரலில் வெற்றிடங்கள்தான் அதிகம், ஏனென்றால் அதற்குள் ஆள் வேலைக்குத் திரும்பியிருப்பார். தோட்டத்து வைத்திய உதவியாளர் இரத்த மாதிரியை எடுத்து அனுப்ப முடியுமா என்று இரண்டு தோட்டங்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு இது சிகிச்சைப் பதிவேடு மட்டுமே. அதை ஆய்வாக்கும் விண்ணப்பத்தில் விசேட வைத்திய நிபுணரை முதன்மை ஆய்வாளராகவும், ரெஜிஸ்ட்ராரைப் பெயரால் அல்லாமல் பதவியாலும் குறிப்பிட்டு அனுப்பினோம். ரெஜிஸ்ட்ரார் மாறும்போது நோயாளரின் தரவுக்கு யார் பொறுப்பு என்று குழு கேட்டிருக்கிறது, பதில் எழுதிவிட்டோம். அடுத்த கூட்டம் மாத இறுதியில். அதற்குள் தமிழ்ச் சம்மதப் படிவத்தைத் தோட்டத்தைச் சேர்ந்த சிலரிடம் வாசித்துக்காட்டித் திருத்த வேண்டும். இதில் ஒப்பமிடுவதால் சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படாது என்ற வரியை முதல் பந்தியிலேயே சேர்த்திருக்கிறேன்.